முனிக்குக் குரல் தெரியாது

நான் என் அப்பாவை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டேன். சிரிக்காதீர்கள். அன்றைய மன்னவனூரில் இது ஒன்றும் அதிசயமில்லை. எங்களுடையது கூட்டுக் குடும்பம். சித்தப்பா நாச்சிமுத்து அவரை அண்ணே என்பார், அத்தை கருப்பம்மாளும் அண்ணே என்பாள். பேசப் பழகுகிற பிள்ளை காதில் விழுவதைத்தானே பிடித்துக்கொள்ளும்? அது தப்பு என்று திருத்த யாருக்கும் தோன்றவில்லை. திருத்த வேண்டியவர் அவர்தான். அவர் எங்கே என்னிடம் வாயைத் திறந்தார்?

அப்பா பெயர் வேலப்பன். குதிரைக்காரர். அப்போது எங்கள் ஊருக்கு பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை. காட்டில் விளைகிற பூண்டையும் உருளைக்கிழங்கையும் மூட்டை கட்டி, குதிரை முதுகில் ஏற்றி, கொடைக்கானல் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். அதுதான் அப்பாவின் சோலி. வெள்ளனே போனால் மறுநாள் பொழுது சாயத்தான் வீடு திரும்புவார். 'அண்ணே வந்துருச்சு' என்று அத்தை சொன்னதும் வீடு கப்சிப் என்று ஆகிவிடும். நான் அடுப்படிக்கு ஓடி அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. ஆனாலும் பயம். தெரியாத ஆளைக் கண்டால் பிள்ளைக்குப் பயம் வரத்தானே செய்யும்.

அப்பாவுக்கும் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தின் பெயர் திருமலைச்சாமி, என் தாத்தா. ஊரே அவரை அய்யா என்று சொன்னதால் நாங்களும் அய்யா என்போம். வாசல் கதவை ஒட்டி ஒரு கயிற்றுக் கட்டில் கிடக்கும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பகல் முழுக்க அதில்தான் இருப்பார். யார் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அவரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அவர் கண்ணில் படும்படி அவர் மகன் தன் பிள்ளையைத் தூக்கக் கூடாது, கொஞ்சக் கூடாது, பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடக் கூடாது. பெற்ற தகப்பன் முன்னால் சொந்தப் பிள்ளையைக் கொஞ்சுகிறவன் வெட்கங்கெட்டவன் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. இதை அந்தக் காலத்து மரியாதை என்று யாராவது பெருமை பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அந்த மரியாதை என்னைக் கொன்றே போட்டிருக்கும். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு நெருப்பாய்க் காய்ச்சலாம். அம்மா வீரம்மாள் என்னைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் நான் வீல் வீலென்று கத்திக்கொண்டிருக்கிறேன். அப்பா தொட்டில் பக்கத்திலேயே நிற்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்துக்கொண்டு, கால் கட்டைவிரலால் மட்டும் தொட்டிலைத் தள்ளித் தள்ளி விடுகிறார்.

"ஏங்க, தூக்குனா கையி தேஞ்சா போயிரும்?" என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

"அய்யா இருக்காருல்ல" என்றாராம், மெல்ல.

அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்கு ஒரு தடவைகூடச் சிரிப்பு வந்ததில்லை.

சரி, அவருக்கு அன்பே கிடையாதா என்றால், இருந்தது. மொத்தத்தையும் குதிரைக்குக் கொடுத்திருந்தார். செவலை என்று ஒரு பெட்டைக் குதிரை. நான் படுக்கிற மூலைக்கும் குதிரைக் கொட்டகைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இருட்டத் தொடங்கியதும் அம்மா என்னைப் படுக்கப் போடுவாள். அந்தப் பக்கம் அப்பா செவலைக்குக் கொள்ளு வைத்து உடம்பைத் தேய்த்துவிடுவார். அப்போது அவர் பேசுகிற பேச்சைக் கேட்க வேண்டுமே! "வாடி ராசாத்தி. காலு வலிக்குதா தாயி? இன்னைக்குப் பாரம் சாஸ்தியாப் போச்சு. நான் இருக்கேன்ல, எதுக்குப் பயப்படுற? தூங்கு தாயி." குழைந்து, தாழ்ந்து, மெதுவாக வரும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டேதான் நான் தூங்குவேன். செவலையாகப் பிறந்திருக்கலாமே என்று பொறாமையாக இருக்கும். பகலில் வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்த மாதிரி 'ம்', 'சரி' என்று மட்டும் சொல்கிறவருக்கும் இந்தக் குரலுக்கும் சம்பந்தம் இருப்பதாகவே எனக்குத் தோன்றாது.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும்போதே இன்னொன்றும் கற்றுக்கொடுப்பார்கள். மலை மேல் மஞ்சு இறங்கும். நீங்கள் பனிமூட்டம் என்பீர்கள், நாங்கள் மஞ்சு என்போம். இறங்கினால் நீட்டிய கை தெரியாது. அந்த மஞ்சுக்குள் முனி நடக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடும். 'ஏன்' என்று பதில் கொடுத்துவிட்டால் போச்சு, கூட்டிக்கொண்டு போய்விடும். கருப்பம்மாள் அத்தை என் காதைத் திருகித் திருகிச் சொல்லுவாள்:

"முனிக்கு ஊர்ல இருக்கிற எல்லாரு பேரும் தெரியும்டி வடிவு. ஆனா முனிக்குக் குரல் தெரியாது. நம்ம வீட்டாள் குரல்ல அதுக்குக் கூப்பிட வராது. தெரிஞ்ச குரலான்னு பாரு. தெரிஞ்சாத்தான் ஏன்னு கேக்கணும். தெரியாட்டி மூச்சுக் காட்டப்பிடாது, என்ன?"

நான் தலையை ஆட்டுவேன். அதற்கு முந்தின வருஷம் வெளியூர் மூட்டைக்காரர் ஒருவர் மஞ்சில் வழி தப்பிவிட்டார். புல்வெளியில் குத்தவைத்து உட்கார்ந்தபடியே குளிரில் விறைத்துக் கிடந்தவரைக் காலையில்தான் கண்டுபிடித்தார்கள். முனி கூப்பிட்டு அவர் பதில் கொடுத்துவிட்டார் என்றுதான் ஊர் சொன்னது. அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். முழங்கால் மடிந்தது மடிந்தபடியே இருந்தது.

ஐம்பத்து மூன்றோ நான்கோ, ஐப்பசி மாதம். எனக்கு ஆறு வயதிருக்கும். மழை விட்ட ஒரு மத்தியானம் அத்தை விறகு பொறுக்க சீகைக் காட்டுக்குப் போனாள். நானும் வருவேன் என்று அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். அத்தை சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். நான் முள்ளுப்பழம் பறித்துத் தின்றுகொண்டே ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குப் போனேன். ஒரு கைப்பிடிப் பழத்தைச் சேர்த்து அத்தையிடம் காட்டலாம் என்று திரும்பினால், அத்தையைக் காணோம். காட்டையே காணோம். எல்லாம் வெள்ளை.

சத்தமில்லாமல் வரும் சனியன் அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கையில் இருந்த பழம் தெரியவில்லை. "அத்தே!" என்று கத்தினேன். மஞ்சு சத்தத்தையும் தின்றுவிடும். எங்கேயோ தூரத்தில் அத்தை பதிலுக்குக் கத்துவது போல இருந்தது. அந்தத் திசை என்று நினைத்து ஓடினேன். திசை எங்கே தெரிகிறது! ஓட ஓட மரங்கள் போய்ப் புல் வந்தது, அப்புறம் பாறை வந்தது. அத்தையின் குரல் அதற்குப் பிறகு வரவே இல்லை. ஆள் கூட்டி வர அவள் ஊரைப் பார்த்து ஓடிவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது.

பாறை இடுக்கில் உட்கார்ந்தேன். பல் தந்தியடித்தது. விறைத்துப்போன அந்த மூட்டைக்காரரின் முழங்கால் ஞாபகம் வந்தது. உடனே என் முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டேன். மடக்கினால்தானே அப்படி ஆகும்! பிள்ளைப் புத்தி.

அப்போதுதான் கூப்பிட்டது.

"வடிவூ..."

ஆண் குரல்.  சித்தப்பா குரல் தெரியும், அது கீச்சென்று இருக்கும். அய்யாவின் குரல் இருமலோடுதான் வரும். பக்கத்து வீட்டு ஆண்கள் எல்லோர் குரலும் எனக்குத் தெரியும். இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கரகரவென்று, உடைந்து, அழுகிற மாதிரியும் மிரட்டுகிற மாதிரியும் இருந்தது.

"வடிவூ... ஏ வடிவூ... எங்கம்மா இருக்க?"

பெயர் தெரிந்திருக்கிறது, குரல் தெரியவில்லை. அத்தை சொன்னது அப்படியே நடக்கிறது! வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். குரல் கிட்டே வந்தது. சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. முனிக்குக் கால் உண்டா என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. பாறையை விட்டு இறங்கி, குரலுக்கு எதிர்ப்பக்கமாகத் தவழ்ந்தும் எழுந்தும் ஓடினேன்.

அந்தப் பக்கம் சதுப்பு. நாங்கள் உளை என்போம். மேலே பார்த்தால் பச்சைப் புல், மிதித்தால் மாட்டையே முழுங்கும். என் இடது கால் முழங்கால் வரை உள்ளே போனது. ஊன்றி எழப் பார்த்தேன், வலது காலும் போனது. சேறு ஐஸாகக் குளிர்ந்தது. அசைந்தால் இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தது. ஒரு புல் கொத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தேன்.

"வடிவூ! ஏன்னு கேளு தாயி! ஒரு தடவ ஏன்னு கேளு!"

கேட்கச் சொல்கிறது பாருங்கள்! 'ஏன்' என்று கேட்டால் பிடித்துக்கொள்ளும் என்று அத்தை சொன்னாளே, அதையேதான் கேட்கிறது. மேல்துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். குரல் எனக்கு மிகப் பக்கத்தில் வந்து நின்றது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கையை நீட்டியிருந்தால் தொட்டிருப்பேனோ என்னவோ. சேறு என் தொடை வரை வந்துவிட்டது. நான் மூச்சுக் காட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் சருகுச் சத்தம் விலகிப் போனது. 'அப்பாடா, முனி போயிருச்சு' என்று நினைத்தேன். ஆமாம், அப்பாடா என்றுதான் நினைத்தேன். என்னைத் தேடி வந்த என் தகப்பன் என்னை விட்டுத் தூரமாகப் போவதை நினைத்து நான் நிம்மதிப்பட்டேன்.

அப்பாவுக்கு அந்த நேரம் எப்படி இருந்தது என்று பிற்காலத்தில் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறார். கொடைக்கானலிலிருந்து வெறும் குதிரையோடு திரும்பி வந்திருக்கிறார். வழியில் அத்தை தலையிலும் மாரிலும் அடித்துக்கொண்டு எதிரே ஓடி வந்தாளாம். செவலையைக் காட்டோரத்தில் ஒரு சீகை மரத்தில் கட்டிவிட்டு உள்ளே பாய்ந்திருக்கிறார். "காட்டுமாடு நிக்கிற வாடை அடிச்சுது. அதுக்குக்கூட நான் பயப்படல. பதில் வரலையே, அதுதான் பயம். கூப்பிடக் கூப்பிடப் பதில் இல்ல. செத்துப் போயிருக்கும்னு நெனச்சேன்" என்பார். இதைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. வெள்ளை மஞ்சு சாம்பல் நிறமானது. கால் மரத்துப்போய், எனக்கு இரண்டு கால் இருக்கிறது என்பதே தெரியவில்லை. தூக்கம் வந்தது. மூட்டைக்காரரும் இப்படித்தான் தூங்கியிருப்பார்.

அப்போது ஒரு குதிரை மிரண்டு கனைத்தது. காட்டுமாட்டின் வாடை அதற்கும் எட்டியிருக்க வேண்டும். கயிற்றை இழுத்துக்கொண்டு குதிக்கிற குளம்புச் சத்தமும் கேட்டது. பின்னாலேயே ஒரு குரல்.

"ஓ... ஓ... நில்லு ராசாத்தி. ஒண்ணுமில்ல தாயி. நான் இருக்கேன்ல, எதுக்குப் பயப்படுற?"

அந்தக் குரல்! ராத்திரியில் பலகைக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல்! தொண்டை கட்டிப்போயிருந்தது, ஆனாலும் அதேதான். என்னைத் தூங்க வைக்கிற குரல். எனக்குத் தெரிந்த குரல்.

துணியைத் துப்பிவிட்டு, இருந்த உசிரையெல்லாம் கூட்டிக் கத்தினேன். "அண்ணே! அண்ணே! நான் இங்கன கெடக்கேன்!"

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. ஒரு நொடி எதுவுமே கேட்கவில்லை. அந்த ஒரு நொடியைப் பற்றி நான் பெரியவளான பிறகுதான் யோசித்தேன். மஞ்சுக்குள்ளிருந்து ஒரு பிள்ளைக் குரல் கூப்பிடுகிறது. நான் எந்த நாளில் அவரைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டிருக்கிறேன்? என் குரல் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவரும் மன்னவனூரில் பிறந்து காது திருகப்பட்டு வளர்ந்தவர்தானே. தெரியாத குரலுக்குப் பதில் கொடுக்கக் கூடாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் அவர் குரலைப் பார்க்கவில்லை.

"ஏன் தாயி! ஏன்! இந்தா வந்துட்டேன்!" என்று அலறிக்கொண்டு வந்தார்.

புல்லில் குப்புறப் படுத்து, என் அக்குளில் கை கொடுத்து, சேற்றிலிருந்து பிடுங்கினார். கம்பளியை அவிழ்த்து என்னைச் சுற்றினார். தூக்கினார். என் வாழ்நாளில் அப்பா என்னைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. அவர் மேல் குதிரை வாசனையும் பூண்டு வாசனையும் அடித்தன. செவலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் கேட்டார். "நான் கூப்பிட்டது ஒனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"பெறகு ஏன் ஒண்ணும் சொல்லல?"

"முனின்னு நெனச்சேன்."

அவர் நின்றுவிட்டார். செவலையும் நின்றது.

"எங் குரலு ஒனக்குத் தெரியலையா?"

"செவலைகிட்டப் பேசுவீகள்ல, அந்தக் குரல்தான் தெரியும்" என்றேன்.

 அவர் தோள் குலுங்கிக் குலுங்கி நின்றது. குளிருகிறது போல என்று நினைத்துக் கம்பளியின் ஒரு முனையை இழுத்து அவர் கழுத்தில் போட்டுவிட்டேன். அதற்கு அப்புறம்தான் சத்தம் வெளியே வந்தது. ஒரு ஆண் அழுது அதுவரை நான் கேட்டதில்லை. எனக்கு மறுபடியும் பயமாகிவிட்டது.

"அழாதீக அண்ணே."

"அண்ணேன்னு கூப்பிடாத தாயி. நான் ஒனக்கு அப்பன். அப்பான்னு கூப்பிடு."

ஊர் நெருங்கியது. பந்தம் பிடித்துக்கொண்டு ஆட்கள் எதிரே வந்தார்கள். சித்தப்பா ஓடி வந்து செவலையை வாங்கிக்கொண்டார். அப்பா என்னை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "கெடச்சுருச்சு! கெடச்சுருச்சு!" என்று ஒரே கூச்சல். எங்கள் வீட்டு வாசலில் அரிக்கேன் எரிந்தது. கட்டிலில் அய்யா உட்கார்ந்திருந்தார்.

அவரைக் கண்டதும் அப்பாவின் நடை தளர்ந்தது. என்னைப் பிடித்திருந்த கை இளகியது. என் காது அவர் நெஞ்சில்தான் இருந்தது. காட்டுமாடு நிற்கும் காட்டிலிருந்து வரும் வழியில்கூட அப்படி அடிக்காத நெஞ்சு, சொந்த வீட்டு வாசலில் திடும் திடும் என்று அடித்தது. இறக்கிவிடப் போகிறார் என்று தெரிந்துவிட்டது. இறக்கிவிட்டால் நாளைக்கு மறுபடியும் 'ம்', 'சரி' என்கிற ஆளாகிவிடுவார். உளைக்குள் கிடந்தபோதுகூட எனக்கு அந்த மாதிரி பயம் வரவில்லை. இரண்டு கையாலும் அவர் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அம்மா அழுதுகொண்டே ஓடி வந்து என்னை வாங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. கடைசியில் அம்மா எங்கள் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எறக்கி விடுடா" என்றார் அய்யா. "ஊரு பூராம் நிக்குது. என்ன கூத்து இது?"

அப்பா என்னை இறுக்கிப் பிடித்தார்.

"மாட்டேன்யா" என்றார். குரல் நடுங்கியது. "அடித்தொண்ட கிழியக் கூப்பிட்டேன்யா. பெத்த தகப்பனை முனின்னு நெனச்சு ஓடியிருக்கு. உளையில மாட்டிக்கிட்டும் வாயத் தொறக்கல. நான் பக்கத்துல நின்னேன்யா... பக்கத்துல நின்னுட்டுத் திரும்பிப் போனேன்."

 கட்டிலைத் தாண்டி என்னைத் தூக்கிக்கொண்டே உள்ளே போனார். அடுப்பு முன்னால் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா என் காலைத் தேய்த்துச் சூடேற்றினாள். வாசலில் அய்யா இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அத்தோடு சுபம் என்று நினைத்தால், அதுதான் இல்லை. அய்யா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். "அந்தக் குதிரைக்காரன்கிட்டச் சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவார். ஊரும் சும்மா இருக்குமா? "ஏலே வேலப்பா, பாலும் நீயே குடுக்கிறயா?" என்று கேலி பேசினார்கள். அப்பாவுக்கு முகம் சிவந்துபோகும், ஆனால் என்னை இறக்கிவிட மாட்டார். தம்பி நல்லுசாமி பிறந்தபோது அம்மாவுக்கு ஜன்னி கண்டுவிட்டது. அப்பாதான் வெந்நீர் போட்டுப் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார். தண்ணீர் ஊற்றும்போதே வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வார். அவருக்கு அந்தப் பயம் போகவே இல்லை. பயந்து பயந்துதான் அவ்வளவையும் செய்தார்.

ஒரு நாள் அய்யா சித்தப்பாவைக் கூப்பிட்டுத் தன் கட்டிலைக் கொல்லைப் பக்கம் தூக்கிப் போடச் சொன்னார். "இங்கன காத்து சாஸ்தியா இருக்கு" என்றார். கொல்லைப் பக்கம்தான் காற்று பிய்த்துக்கொண்டு போகும், அது எல்லோருக்கும் தெரியும். அங்கேயிருந்து பார்த்தால் வாசலும் தெரியாது, அடுப்படியும் தெரியாது. அதற்கு மேல் அந்த மனிதரால் இறங்கி வர முடியவில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி அன்றைக்குக் குறைந்தது. பாதி இன்னும் இருக்கிறது.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. சாயங்காலம் மஞ்சு இறங்குகிறதோ இல்லையோ, வாசலில் நின்று எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சத்தம்போட்டுக் கூப்பிடுவார். நாங்கள் கண் முன்னால் நின்றாலும் கூப்பிடுவார். "ஏன்ப்பா" என்று பதில் வந்தால்தான் விடுவார். "வேலப்பன் ஏலம் போட ஆரம்பிச்சுட்டான்" என்று தெருவே சிரிக்கும். ரோடு வந்தது, லாரி வந்தது, செவலை கிழடாகிச் செத்தது, ஆட்டுப் பண்ணை வந்தது. அப்பாவின் ஏலம் மட்டும் நிற்கவில்லை.

அறுபத்தேழு வாக்கில் என்னை வடகவுஞ்சியில் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் பெயர் ஞானவேல். தங்கமான மனிதர், ஆனால் அவருக்கும் ஒரு அப்பா இருந்தார். முதல் குழந்தை புகுந்த வீட்டிலேயே பிறந்தது. வலி முன்கூட்டியே வந்துவிட்டதால் தாய் வீட்டுக்குப் போக முடியவில்லை. பெண் குழந்தை, கண்மணி என்று பெயர் வைத்தோம். என் வீட்டுக்காரர் தொட்டில் இருக்கும் பக்கமே வர மாட்டார். தூண் ஓரமாக நின்று எட்டிப் பார்ப்பார். மாமனார் இருமினால் போய்விடுவார். எனக்கு அந்த இருமலைக் கேட்டாலே எங்கள் அய்யாவின் கட்டில் ஞாபகம் வரும்.

ஒரு சாயங்காலம் வடகவுஞ்சியில் நல்ல மஞ்சு. பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு என்று மாமியார் கதவைச் சாத்தி, வாசல்படியில் வேப்பிலையும் செருப்பும் போட்டிருந்தாள். எல்லோரும் உள்ளே இருந்தோம். அப்போது வெளியே தூரத்தில் ஒரு குரல்.

"வடிவூ..."

மாமியார் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள்.  "வாயத் தொறந்துறாதடி! பச்ச ஒடம்புக்காரி நீ, பேரச் சொல்லிக் கூப்பிடுது!"

நான் அந்தக் கையை விலக்கினேன். "எனக்குத் தெரிஞ்ச குரலு அத்தே" என்றேன். பிறகு முதல் கூப்பாட்டுக்கே, கதவைத் திறந்துகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"ஏன்ப்பா!"

அப்பா தலையெல்லாம் நனைந்து வந்தார். கொடைக்கானல் வந்து பஸ் மாறி, இறங்கிய இடத்திலிருந்து மஞ்சுக்குள் தடவித் தடவி நடந்திருக்கிறார். துண்டால் முகத்தைத் துடைத்து, கையை அடுப்பில் காட்டிச் சூடாக்கிக்கொண்டு, தொட்டிலிலிருந்து பேத்தியை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேரே தூண் பக்கம் போனார்.

"பிடிங்க மாப்ளே."

என் வீட்டுக்காரர் தன் அப்பாவைப் பார்த்தார். மாமனார் இருமினார். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. நீட்டிய கை பாதியில் நின்றது. அந்தப் பயத்தை எனக்குத் தெரியும். ஒரு வாசலில் அந்த நெஞ்சு அடித்ததைக் காது வைத்துக் கேட்டவள் நான்.

அப்பாவின் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் சம்பந்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையை மருமகன் கையில் வைத்து, அந்தக் கைகளைத் தன் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"பேரச் சொல்லி ஒரு தடவ கூப்பிடுங்க மாப்ளே."

"அது தூங்குதுங்க மாமா."

"தூங்கட்டும். கூப்பிடுங்க."

என் வீட்டுக்காரர் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். "கண்மணி" என்றார். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமா மாப்ளே" என்றார் அப்பா. "மஞ்சுக்குள்ள கேக்கணும்ல."